“குரூப்பில் போட்டாச்சே” என்பது பதில் அல்ல

“குரூப்பில் போட்டாச்சே சிஸ்டர்!” நோயாளிக்கு இன்சுலின் அளவு தவறிப்போன பிறகு கேட்கிற முதல் வார்த்தை இதுதான். பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஒரே சர்க்கரை நோயாளியை ஃபேமிலி டாக்டர், கிட்னி டாக்டர், டயட்டீஷியன், நர்ஸ் என்று நாலு பேர் பார்க்கிறார்கள். நாலு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான். இந்த வாரமும் அதே தவறு.

நீல டிக் வந்தால் எல்லார் போனிலும் செய்தி திறந்தது என்று மட்டும்தான் அர்த்தம். படித்தார், புரிந்தது, பழைய அளவை நிறுத்தினார் என்று அர்த்தமே இல்லை! ஓ.பி. முடிந்து ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிக்கொண்டே போகிற விரலுக்குக் குட்மார்னிங் படமும் டோஸ் மாற்றமும் ஒன்றுதான். இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்றே ஒவ்வொருவரும் இருப்பார்கள்.

“20 யூனிட்” என்று மட்டும் போடாதீர்கள். செறிவையும் எழுதுங்கள். பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜில் 100. பேனா ரிப்பேரானதும் வீட்டில் கிடக்கிற, 40 யூனிட் பாட்டிலுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சைக் கார்ட்ரிட்ஜில் குத்தி 20-ஆம் கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. உடம்புக்குள் போவது 50 யூனிட். விடிகாலையில் சர்க்கரை இறங்கி, நோயாளி வேர்த்துக் கொட்டி மயங்கிக் கிடப்பார்.

மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையும் அப்படியே. ரத்தப் பரிசோதனையில் வருகிற கிரியாட்டினினை மட்டும் போட்டால் போதாது, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது? இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டிய மருந்து அது.

ஒரு மாற்றத்துக்கு ஒரு செய்தி. மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல), பழைய அளவு, புதிய அளவு, எந்த நாளிலிருந்து, ஏன், நோயாளியிடம் சொல்லப்போவது யார். அவரை டேக் செய்யுங்கள். அவர் கட்டைவிரல் காட்டினால் ஏற்காதீர்கள், புதிய அளவைத் திரும்ப டைப் செய்யட்டும். அரை மணியில் பதில் இல்லையென்றால் போன் போடுங்கள்.

பெயரும் நம்பரும் தெரிகிற சீட்டைப் படம் பிடித்துப் போடவே கூடாது. எல்லார் கேலரியிலும் போய் உட்காரும். ஓ.பி. எண்ணும் வயதும் போதும். 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி என்கிற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ (ECHO) என்கிற தொலைப்பயிற்சி முறையில், நோயாளியின் அடையாளத்தைச் சொல்லாமல்தான் வீடியோவில் கேஸ் பேசுகிறார்கள். நம் பெங்களூர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸும் அந்த முறையில் தூரத்து டாக்டர்களுக்குப் பயிற்சி தருகிறது.

இன்னொன்று. ஊசி போட்டுக்கொள்கிற அந்த அம்மா உங்கள் குரூப்பில் இல்லை. பழைய சீட்டில் குறுக்கே கோடு அடித்துவிட்டு, புதிய அளவை அவர் படிக்கிற தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து.