மேட்ச் ஃபீஸ் சமம், சரி, மேட்ச் எங்கே?

வீராங்கனைகளின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்வது என் வக்கீல் வேலையில் ஒரு பகுதி. "இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் ஆயிடுச்சே மேடம்" என்று அப்பாமார்கள் நம்பிக்கையோடு வருவார்கள்.

2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக்கியது மேட்ச் ஃபீஸை மட்டும்தான். டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல முடிவுதான். ஆனால் அது களத்தில் இறங்கினால் வருகிற காசு. 2014 நவம்பரில் மைசூரில் டெஸ்ட் ஆடிய நம் பெண்கள் அணிக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2021 ஜூனில், பிரிஸ்டலில். 2024-இல் சேப்பாக்கத்தில் ஷெஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்தாரே, அந்த வருஷம் அவர்களுக்கு அது ஒன்றுதான் டெஸ்ட்.

ஆட்டம் இல்லாத மாதத்திலும் வீட்டுக்கடன் தவணையைத் தாங்குவது ஆண்டு ஒப்பந்தம். 2022-23 பட்டியலில் ஆண்களின் உச்சப் படியான ஏ பிளஸுக்கு 7 கோடி, கடைசிப் படியான சி-க்கு 1 கோடி. பெண்களின் உச்சப் படியான ஏ கிரேடுக்கு 50 லட்சம். கேப்டன் ஹர்மன்பிரீத் வாங்கியது, ஆண்களில் கடைசிப் படியில் இருப்பவர் வாங்கியதில் பாதி.

அப்புறம் தனியார் லீக், கிளப் ஒப்பந்தங்கள். தொகை முன்பக்கத்திலேயே பளிச்சென்று இருக்கும். நான் முதலில் புரட்டுவது உடல்தகுதிப் பிரிவை. 'எக்காரணத்தாலும் ஆட இயலாது போனால்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், கர்ப்பத்தையும் அதில் சேர்த்துச் சம்பளத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். பல ஒப்பந்தங்கள் வீராங்கனையை ஊழியர் என்றே சொல்வதில்லை; மகப்பேறு சட்டம் அவருக்குப் பொருந்துமா என்பதே தனி வழக்காகிவிடும்.

கால்பந்தில் உலக அமைப்பான ஃபிஃபா 2021-இல் விதி கொண்டுவந்தது: குறைந்தது 14 வாரம் விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். அந்த விதி இருந்ததால்தான், கர்ப்ப காலத்தில் பிரான்ஸின் லியோன் கிளப் முழுச் சம்பளம் தரவில்லை என்று புகார் செய்த ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க்குக்கு, 82,000 யூரோவுக்கு மேல் தரும்படி 2022-இல் தீர்ப்பு வந்தது.

கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். பரிசுத்தொகை சமமாக இல்லை என்று தீபிகா பள்ளிக்கல் தேசிய ஸ்குவாஷ் போட்டியை வருஷக்கணக்கில் புறக்கணித்தார்; 2016-இல் தொகை சமமானதும் திரும்பி வந்து பட்டமும் வென்றார். ஆனால் அவர் உலகின் முதல் 10 பேரில் ஒருவராக இருந்தவர். மாவட்ட அணியிலிருந்து வரும் பெண்ணால் அப்படித் தனியாக நிற்க முடியாது. அதே லீக்கில் கையெழுத்துப் போடும் நாலைந்து பேர் சேர்ந்து, காயத்துக்கு ஒரு பிரிவு, மகப்பேறுக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டால் என்னாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.