கொன்குவெஸ்டியோ: இரக்க முறையீடு

பண்டைய ரோமில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர், சான்றுகளையும் மறுப்புகளையும் சொல்லி முடித்தபின் ஜூரிகளின் இரக்கத்தைத் தூண்டிப் பேசும் பகுதிக்கு லத்தீனில் கொன்குவெஸ்டியோ என்று பெயர். ‘குறை சொல்லி முறையிடு’ என்று பொருள்படும் குவெரி என்ற வினையும், அழுத்தம் தரும் ‘கொன்’ என்ற முன்னொட்டும் சேர்ந்து பிறந்த சொல் இது.

இதன் இடம் முடிவுரை. ரோமப் பேச்சாளர் சிசரோ இளமையில் எழுதிய ‘தே இன்வென்சியோனே’ என்ற சொற்கலை நூல் முடிவுரையை மூன்றாக வகுக்கிறது: வாதங்களைத் தொகுத்தல், எதிர்த்தரப்பின்மேல் சினமூட்டல், இறுதியாக இரக்க முறையீடு. இதற்கு மட்டும் 16 வழிகளை அந்நூல் தருகிறது. முதலில் விதியின் வலிமையையும் மனிதரின் பலவீனத்தையும் பொதுப்படச் சொல்லிக் கேட்போர் மனத்தை இளக்க வேண்டும். பிறகுதான் கட்சிக்காரரின் நிலைக்கு வரவேண்டும்: அன்று இருந்த வாழ்வு, இன்று வந்த தாழ்வு, துணையற்ற தனிமை, கேட்பவருக்குத் தம் பெற்றோரையும் பிள்ளைகளையும் நினைவூட்டல். மனம் இளகியதும் நிறுத்திவிட வேண்டும். கண்ணீரைவிட விரைவில் காய்வது எதுவுமில்லை என்று அப்பொலோனியஸ் என்ற சொற்கலை ஆசிரியர் சொன்னதை சிசரோ அங்கேயே எடுத்துக்காட்டுகிறார்.

பேச்சோடு காட்சியும் சேரும். குற்றம் சாட்டப்பட்டவர் அழுக்கான கருநிற ஆடையில், மழிக்காத தாடியோடு வருவார். குழந்தைகளும் அழைத்து வரப்படுவார்கள். முன்னேற்பாடு பிசகினால் எல்லாம் கெடும். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, கூட வந்த பணியாள் கிள்ளுகிறார் என்று பதில் சொன்ன ஒரு சிறுவனைப் பற்றி ரோமச் சொற்கலை ஆசிரியர் குயின்டிலியன் எழுதுகிறார். சபை சிரித்துவிட்டால் அதுவரை சேர்த்த இரக்கம் திரும்பாது.

16 வழிகளில் கடைசியானதுதான் மிக நுட்பமானது. துன்பத்தைத் தளராமல் தாங்கும் பெருந்தன்மை, பல வேளைகளில் கெஞ்சுவதைவிட அதிக இரக்கத்தைப் பெறும் என்கிறது அது. கி.மு. 52இல் அரசியல்வாதி குளோடியஸைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மிலோவுக்காக சிசரோ வாதாடினார். அந்த வழக்கில் மிலோ அழவும் கெஞ்சவும் மறுத்தார். பின்னர் திருத்தி வெளியிட்ட உரையில் சிசரோ இதையே பற்றிக்கொண்டு, அவர் அழாததற்காக அவரிடம் இரக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டு, அவருக்காகத் தாமே கண்ணீர் விடுகிறார். வழக்கில் மிலோ தோற்றார். 38 பேர் எதிராகவும் 13 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். தளபதி பொம்பேயின் படைவீரர்கள் மன்றத்தைச் சூழ்ந்து நின்ற நாள் அது.

கெஞ்சாமலும் இரக்கம் பெறலாம் என்பதால், கொன்குவெஸ்டியோவை ‘மன்றாட்டு’ என்று தமிழாக்குவது பொருந்தாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்கு ரோமர்கள் தெப்ரெகாசியோ என்ற தனிச்சொல் வைத்திருந்தனர். மன்றாட்டு அதற்கே உரியது. ‘இரங்கலுரை’ இறந்தவருக்கானது, ‘கருணை மனு’ தண்டனைக்குப் பின் எழுதித் தருவது. வேர்ப்பொருளையும் நோக்கத்தையும் சேர்த்துச் சொல்வது ‘இரக்க முறையீடு’.