கால் நேரா இருக்கான்னு எக்ஸ்ரேல எப்படி பாக்குறாங்க?

அம்மாவுக்கு முட்டி வலின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனப்ப கையில முட்டிய மட்டும் எடுத்த எக்ஸ்ரே ஒண்ணு இருந்துச்சு, அதை வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு "இது பத்தாதும்மா, ஸ்கேனோகிராம் எடுத்துட்டு வாங்க"ன்னுட்டார். இன்னொரு செலவான்னு தான் எனக்கு தோணுச்சு. தேய்மானம் எவ்ளோன்னு சின்ன படத்துலயே தெரியும், ஆனா கால் எந்தப் பக்கம் எவ்ளோ சாஞ்சிருக்குன்னு தெரியணும்னா இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் ஒரே படத்துல இருக்கணும், அந்த நீளப் படம் தான் ஸ்கேனோகிராம்.

கொத்தனார் சுவத்துக்கு தூக்குகுண்டு விடுவார்ல, கிட்டத்தட்ட அந்த வேலை தான். இடுப்புல தொடை எலும்போட பந்து மாதிரி தலை இருக்கே, அதோட நடுப்புள்ளில இருந்து கணுக்கால் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு. அது முட்டிய எங்க தாண்டுதுன்னு பாக்கணும். நல்ல கால்ல நடுவுக்கு 8 மில்லிமீட்டர் போல உள்பக்கமா போகும். அதைவிட ரொம்ப உள்ள போனா வில்லு கால், வெளிய போனா முட்டி இடிக்கிற கால். தொடை எலும்பு 40 சென்டிமீட்டர், முட்டிக்கு கீழ இருக்குற எலும்பு 35ன்னு வச்சு கணக்கு போட்டா கால் ஒரு டிகிரி வளைஞ்சாலே கோடு 3 மில்லிமீட்டர் நகருது, 10 டிகிரின்னா 3 சென்டிமீட்டர், முட்டியோட அகலமே 7, 8 சென்டிமீட்டர் தான், அப்ப மொத்த கனமும் ஒரு ஓரத்துல தான் இறங்கும்.

சின்ன எக்ஸ்ரே ஏன் ஏமாத்துதுன்னா, தொடை எலும்பு இடுப்புல இருந்து செங்குத்தா இறங்கறதில்ல. பந்து உள்ள இருக்கு, தண்டு வெளிய தள்ளி இருந்து முட்டிக்கு சரிஞ்சு வருது. அதனால தண்டோட கோட்டுக்கும் நம்ம தூக்குகுண்டு கோட்டுக்கும் சாதாரணமாவே 5ல இருந்து 7 டிகிரி வித்தியாசம், தண்டே வளைஞ்சிருந்தா இன்னும் மாறும். பந்தே தெரியாத படத்துல இதை ஊகிக்கத்தான் முடியும்.

படம் நின்னுட்டு தான் எடுக்கணும், படுத்தா உடம்பு கனம் இறங்காது, வளைவு குறைவா காட்டும். எக்ஸ்ரே ட்யூப் சுமார் 10 அடி தள்ளி இருக்கும், டிஜிட்டல்ல மேல, நடுவுல, கீழன்னு மூணு ஷாட் எடுத்து கம்ப்யூட்டர் ஒட்டும். நடுவுல ஆள் லேசா அசைஞ்சா ஒட்டு பிசகிரும். முட்டிச்சில்லு நேரா முன்னாடி பாக்கணும், பாதம் எங்க பாக்குதுங்கறது ரெண்டாவது. அம்மாவுக்கு முதல் தடவை இங்கதான் சொதப்பல், வலிக்குதுன்னு முட்டிய லேசா மடக்கி காலை வெளிப்பக்கம் திருப்பி நின்னுட்டாங்க, படத்துல சில்லு ஓரமா ஒதுங்கி கிடக்கு, வளைவும் இருக்குறதை விட அதிகமா காட்டுது. திரும்ப எடுத்தாங்க.

கோடு நகர்ந்தது தெரிஞ்சா போதாது, எந்த எலும்பால நகர்ந்துச்சுன்னு தெரியணும். அதுக்கு அந்தந்த எலும்போட கோடு முட்டி மூட்டு மட்டத்தோட சேர்ற ரெண்டு கோணம் பாக்கணும், தொடை எலும்போட கீழ் முனையில வெளிப்பக்கம், கீழ் எலும்போட மேல் முனையில உள்பக்கம். ரெண்டுமே 87 டிகிரி சுமார், 85ல இருந்து 90 வரை ஓகே. வெட்டி நேராக்குற ஆபரேஷன்னா எந்த எலும்ப வெட்டணும்னு சொல்றதே இந்த ரெண்டு நம்பர் தான்.

இதே நீளப் படம் எடுக்க ஈஓஎஸ்னு ஒரு மெஷின் இருக்கு, எல்லா ஊர்லயும் கிடைக்காது. செர்ன்ங்கற ஐரோப்பிய அணு ஆராய்ச்சிக் கூடத்துல 1968ல துகள் பிடிக்கிற கருவி செஞ்சு 1992ல நோபல் வாங்குன ஜார்ஜ் ஷார்பாக்கோட வேலையில இருந்து வந்தது. ரெண்டு மெல்லிசான கதிர், ஒண்ணு முன்னால ஒண்ணு பக்கத்துல, ஒரே நேரத்துல தலையில இருந்து கால் வரை இறங்கி வரும். ஒட்டு வேலை இல்ல, கதிர்வீச்சும் கம்மி, ரெண்டு படத்தையும் வச்சு 3டி மாடலே பண்ணலாம்.

எலும்பு முறுக்கிட்டு இருந்தா சிடி தான் சரி. இடுப்புக்கிட்ட ஒரு வெட்டு, முட்டிக்கிட்ட ஒரு வெட்டு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சா தொடை எலும்போட முறுக்கு தெரிஞ்சிரும், பெரியவங்களுக்கு 15 டிகிரி போல. ஆனா சிடில படுக்கணும், அதனால வளைவுக்கு நின்னு எடுத்த படம் தான்.

குழந்தைங்களுக்கு உடனே இதெல்லாம் எடுக்க ஓடாதீங்க. 2 வயசு வரை வில்லா இருக்கும், 3, 4 வயசுல முட்டி இடிக்கும், 7 வயசு வாக்குல தானா சரியாகும், எண்ணெய் தேச்சு நீவி விட்ட பாட்டிக்கு பேர் கிடைக்கும். ஒரு கால் மட்டும் வளைஞ்சா, நாளாக ஆக அதிகமானா காட்டணும்.

அம்மா படத்துல கோடு நடுவுல இருந்து 2 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல உள்ள போயிருந்துச்சு, 7 டிகிரி. தொடை எலும்பு கோணம் 87, கீழ் எலும்பு 82. அஞ்சு டிகிரி எலும்பால, மிச்ச ரெண்டு ஜவ்வு ஒருபக்கமா தேஞ்சு சரிஞ்சதால. "சின்ன வயசுல இருந்தே எனக்கு இப்படித்தான்டா கால்"ன்னு அம்மா சொன்னது அந்த அஞ்சு டிகிரி தான்.