சிண்டியன்: தமிழில் இருமரபினர்

பெற்றோரில் ஒருவர் சீனர், மற்றவர் இந்தியர் என்றால் பிள்ளையைச் சிண்டியன் என்பார்கள். சீனர், இந்தியர் இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பிறந்த சொல் இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புழங்குகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தோட்டத்துத் தமிழர்களும் புதுக்கிராமத்துச் சீனர்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் அது.

தமிழில் என்ன சொல்வது? வழக்கில் இருப்பது 'பாதிச் சீனன்', 'கலப்பினம்'. இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. பாதி என்றால் மீதி குறை என்றாகிறது. கலப்பினம் விதைக்கும் மாட்டுக்கும் உரிய சொல். நம் தோட்டங்களில் நட்ட ஆர்ஆர்ஐஎம் 600 ரப்பர் மரம் இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கியது. அதைக் கலப்பினம் என்பது சரி. பிள்ளையை அப்படிச் சொல்லலாமா?

நம் வரலாற்றில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் தந்தை கீழைச் சாளுக்கிய மன்னர் இராஜராஜ நரேந்திரன். தாய் இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவி. குலோத்துங்கனை 'உபயகுலோத்தமன்' என்று புகழ்ந்தார்கள். உபயம் என்றால் இரண்டு. இரு குலத்திலும் சிறந்தவன் என்று பொருள். சோழ நாடு அவருக்குத் தாய்வழியாக வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். வடசொல்லை விட்டுத் தமிழில் சொன்னால் 'இருமரபினர்'. மரபு என்ற சொல்லில் வம்சமும் உண்டு, வழிவழியாக வரும் பழக்கமும் உண்டு. தமிழ்ப் பாட்டியிடம் தமிழும், போ போ என்று அழைக்கும் சீனப் பாட்டியிடம் கந்தோனீயம் என்ற சீன மொழியும் கற்ற பிள்ளைக்கு இரண்டுமே வேண்டும்.

மலேசிய விண்ணப்பப் பாரங்களில் மலாய், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' (மற்றவர்) என்ற கட்டங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். பொதுவாகத் தந்தையின் இனமே பிள்ளையின் இனமாகப் பதிவாகிறது. அம்மாவின் பக்கம் தாளில் மறைந்துவிடுகிறது. சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதியலாம்.

தாள் போகட்டும், சந்தைக்கு வாருங்கள். கருத்த பெண் ஒருத்தி மீன்கடைக்காரரிடம் சுத்தமான கந்தோனீயத்தில் விலை கேட்பாள். அவர் மலாயில் பதில் சொல்வார். அவளுடைய வெளுத்த தம்பியிடம் கல்யாண வீட்டில், "நீ தமிழ் பேசுவியாப்பா?" என்று கேட்பார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஊர் ஆளுக்கொரு இனத்தைக் கொடுத்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்லோஸ் போஸ்டன் 1990இல் இருமரபுப் பிள்ளைகளின் அடையாள வளர்ச்சியைப் படிகளாக விவரித்தார். விடலைப் பருவத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க நெருக்குதல் வரும். தேர்ந்தெடுத்த பிறகு, விட்டுவிட்ட பெற்றோர் பக்கத்தை நினைத்துக் குற்றவுணர்வு. அதற்கு அப்புறம்தான் இரண்டையும் மதிக்கும் நிலை. உளவியலாளர் மரியா ரூட் இருமரபினருக்காக 1993இல் எழுதிய உரிமைப் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உடன்பிறந்தவரிலிருந்து வேறாகத் தன்னை அடையாளப்படுத்தவும், இடத்துக்கு இடம் அதை மாற்றிக்கொள்ளவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. அந்த அக்கா தம்பிக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதிவிட முடியாது.

எழுதும்போது 'சீன-தமிழ் இருமரபினர்' என்று எழுதலாம். பெற்றோரில் ஒருவர் மலாய்க்காரரோ சபாவின் பூர்வகுடியான கடசானோ என்றால் முன்சொல் மட்டும் மாறும். மூன்று நான்கு வழி சேர்ந்தவர்களுக்குப் 'பன்மரபினர்'. அந்தப் பிள்ளையே தன்னைச் சிண்டியன் என்றோ, வெறுமனே தமிழர் என்றோ சொல்லிக்கொண்டால் அதையே எழுதுங்கள்.