குட்டி விமானம் எவ்ளோ கீழ பறக்கலாம்? ரூல் என்ன சொல்லுது, நாம என்ன பண்ணலாம்

ஓசூர் பேளகொண்டப்பள்ளியில தனியார் ஓடுபாதை இருக்கு, தர்மபுரிக்குத் தெக்க காமலாபுரத்துல சேலம் ஏர்போர்ட் இருக்கு, அதனால கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் குட்டி விமானம் தலைக்கு மேல போறது புதுசில்லைங்க. ஆனா இவ்ளோ கீழ வரலாமா, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நிறைய பேரு அப்படியே விட்டுடறாங்க.

ரூல்ல கணக்கு தெளிவா இருக்கு. கருவியை நம்பாம கண்ணால பாத்து ஓட்டற விமானம் வயக்காடு, ஏரி, கரடுன்னு எதுக்கு மேல போனாலும் குறைஞ்சது 150 மீட்டர், அதாவது 500 அடி உசரத்துல போகணும். ஊருக்கு மேல, இல்ல ஜனம் கூடியிருக்கற இடத்துக்கு மேலன்னா 1000 அடி, அதுவும் தரையிலருந்து இல்ல, விமானத்தைச் சுத்தி 600 மீட்டருக்குள்ள கோபுரமோ செல்போன் டவரோ எது உசரமோ அதுக்கு மேல 1000 அடி. தேர்த்திருவிழா, வாரச்சந்தை எல்லாம் இதுல வரும். ஏறும்போதும் இறங்கும்போதும், முறையா அனுமதி வாங்கியிருந்தாலும் விலக்கு உண்டு, அதனால ஓடுபாதைக்குப் பக்கத்துல இருக்கறவங்க தாழப் போறதப் பாத்தாலே தப்புன்னு நினைக்க வேண்டாம். ஏர்ஃபோர்ஸ் விமானத்துக்கு இந்த ரூல் பொருந்தாது.

ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா, முதல் எமன் கரண்ட் கம்பிதான். மேலருந்து பாத்தா டவர் தெரியும், கம்பி தெரியாது. கண்ணுக்குத் தெரியற தடிக் கம்பியைப் பாத்து மூக்கைத் தூக்கினாக்கூட டவர் உச்சியில மெல்லிசா ஒரு எர்த் கம்பி ஓடும், அதுல போய் மாட்டிக்குவாங்க. அடுத்தது இன்ஜின். 500 அடியில இன்ஜின் நின்னுச்சுன்னா சின்ன விமானத்துக்கு முக்கா நிமிஷம்கூட கிடைக்காது, அதுக்குள்ள இறங்க இடம் தேடணும், நம்ம பக்கம் கீழ பூரா மாந்தோப்பும் பாறையும்தான். வத்தல்மலை மாதிரி மலைங்க ஓரத்துல காத்து திடீர்னு கீழ அமுக்கும், அதையும் சேத்துக்கோங்க. 2023 ஜனவரியில மத்தியப் பிரதேசம் ரேவாவுல ஒரு பயிற்சி விமானம் கோயில் கோபுரத்துல மோதி பைலட் இறந்துட்டாரு.

1934 விமானச் சட்டத்துக்குப் பதிலா 2025 ஜனவரி 1லருந்து பாரதிய வாயுயான் அதிநியம் 2024ங்கற புது விமானச் சட்டம் நடைமுறையில இருக்கு. வேணும்னே ஆளுக்கோ சொத்துக்கோ ஆபத்து வர்ற மாதிரி ஓட்டினா 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 1 கோடி வரை அபராதம், ரெண்டும் கூட சேந்து வரலாம். இன்னொன்னு, நியாயமான உசரத்துல விமானம் பறக்கறதுக்கு மட்டும் நாம கோர்ட்ல கேஸ் போட முடியாது, ஆனா அந்தப் பாதுகாப்பு நியாயமான உசரத்துக்குத்தான், ஓட்டு மேல உரசற மாதிரி வர்றவருக்கு இல்ல. இத நம்மாளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

புகார் குடுக்கணும்னா தேதி, நேரம், இடம், எந்தத் திசையில போச்சுன்னு உடனே எழுதி வைங்க, முடிஞ்சா கரண்ட் கம்பம், மரம் ஏதாவது சேந்து தெரியற மாதிரி வீடியோ எடுங்க, உசரம் கணக்குப் போட அதுதான் உதவும். றெக்கைக்கு அடியிலயும் உடம்புலயும் வி.டி.ன்னு ஆரம்பிச்சு மூணு எழுத்து வரும், அதுதான் பதிவு எண். உள்ளூர் ஸ்டேஷன்ல மனு குடுத்து, கலெக்டருக்கும், விமானங்களைக் கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவோட சென்னை ஆபீசுக்கும் காப்பி அனுப்புங்க.

எங்கயாவது விழுந்துடுச்சுன்னா ஆளைக் காப்பாத்தறதும் தீயை அணைக்கறதும்தான் முதல் வேலை, 112க்கு அடிங்க. அதுக்கு மேல உடைஞ்ச ஒரு துண்டைக்கூட எடுக்கவோ நகத்தவோ கூடாது, விசாரணை அதிகாரிங்க அனுமதி குடுக்கற வரைக்கும் அது அங்கயே கிடக்கணும்ங்கறதும் ரூல்தான்.