ஜெயில் மியூசியத்துக்கு ஸ்கூல் டிரிப்பா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட பேசுங்க

லண்டன்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கவுன்சலிங் பண்றேன். டிரிப் போயிட்டு வந்ததுலருந்து ராத்திரி லைட்ட அணைக்கவே விடமாட்டேங்குறான்னு சொல்லி வர்ற அம்மாக்கள பாத்துட்டுதான் இத எழுதுறேன்.

தேம்ஸ் தென்கரைல சதர்க்ல இருந்த கிளிங்க் ஜெயில், 12ஆம் நூற்றாண்டுலருந்து வின்செஸ்டர் பிஷப்புங்க கையில இருந்துச்சு, 1780ல லண்டன்ல கத்தோலிக்கர்களுக்கு எதிரா நடந்த கோர்டன் கலவரத்துல கொளுத்திட்டாங்க. இப்ப அங்க மியூசியம் இருக்கு. கை கால் விலங்கு, சித்திரவதைக் கருவி, மனுஷன் சைஸ்ல பொம்மைங்க, சிலத தொட்டுக்கூட பாக்கலாம். நிறைய பிள்ளைங்களுக்கு இது ஜாலிதான். ஆனா கருவிய மட்டும் காட்டி, அதுல மாட்டுனவங்க யாருன்னு யாரும் சொல்லலன்னா பிள்ளை மனசுல பயம் மட்டும்தான் தங்கும்.

அதனால போறதுக்கு முன்னாடியே மனுஷங்கள பத்தி பேசுங்க. அங்க ஜெயிலருக்கு சம்பளம்னு பெருசா எதுவும் இல்ல, கைதிங்ககிட்டதான் கறப்பாங்க, சாப்பாட்டுக்கு காசு, படுக்கைக்கு காசு, லேசான விலங்கு வேணும்னா அதுக்கும் காசு, இல்லாதவங்க தெருப்பக்கம் இருக்கிற கம்பி வழியா கைய நீட்டி பிச்சை எடுக்கணும். கடன் கட்ட முடியாதவங்களயும் அங்க அடைச்சு வச்சாங்க. இத சொன்னீங்கன்னா எட்டு வயசுப் பிள்ளை கூட "காசு இல்லன்னுதானே உள்ள போட்டாங்க, அவங்ககிட்டயே காசு கேப்பாங்களா?"ன்னு கோவப்படும். கேள்வியோட உள்ள போற பிள்ளை அவ்வளவு சுலபமா மிரளாது, இத நான் திரும்பத் திரும்ப பாக்குறேன்.

நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். இலங்கைல தடுப்புக் காவல்ல இருந்து அடிபட்டு வந்த அப்பா, மாமா இருக்கிற வீடுங்க இங்க நிறைய. நீங்க பிள்ளைகிட்ட எதுவும் சொல்லாம இருக்கலாம், ஆனா பாதி கதை அதுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கும், அங்க போய் சங்கிலிய பாத்த உடனே மீதிய அதுவே கற்பனை பண்ணிக்கும். டீச்சர்கிட்ட முழுக்கதையும் சொல்ல வேண்டாம், "அந்த ரூம்ல என் பிள்ளைய கொஞ்சம் பாத்துக்கோங்க, வேணாம்னா வெளிய நிக்க விடுங்க"ன்னு சொன்னா போதும். அப்படி கேக்குறதுல ஒரு கூச்சமும் வேண்டாம்.

"அப்பா, உங்களயும் இப்படி கட்டி வச்சாங்களா?"ன்னு கேட்டா தயவுசெஞ்சு வாய அடைக்காதீங்க. நடந்தத விவரமா சொல்ல வேண்டியதில்ல, ஆமா கஷ்டப்பட்டேன், இப்ப நான் பத்திரமா உன் பக்கத்துல இருக்கேன், அந்த ரெண்டு வரி போதும். ஆம்பளப் பையன் பயப்படலாமான்னு மட்டும் கேக்காதீங்க. சில வாரம் கழிச்சும் தூக்கம் கெட்டுட்டே இருந்தா, படுக்கைல ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சா உங்க ஜிபிய, அதாவது குடும்ப டாக்டர பாருங்க.