பாங்காவிலிருந்து பாறைக்கு: கலாபகோஸ் சிறுகப்பல் பயணத்தில் அடிபடும் இடங்கள்

ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம் என்றால் வீட்டில் இருப்பவர்கள் எரிமலையையும் சுறாவையும் நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். பெர்னான்டினா தீவின் லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில் சீறியது உண்மைதான். ஆனால் அந்தத் தீவில் மனிதர் யாரும் வசிப்பதில்லை. நீருக்குள் நீங்கள் பார்க்கப்போகும் வெண்முனைச் சுறாவுக்கு உங்கள்மேல் அக்கறையும் கிடையாது. 16 பேர் போகும் சிறு கப்பலில் பெரும்பாலும் அடிபடுவது கணுக்கால், மணிக்கட்டு, விரல் நுனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சில நொடிகளில்தான் அது நடக்கிறது: கப்பலிலிருந்து பாங்காவுக்கு, பாங்காவிலிருந்து பாறைக்கு, தண்ணீரிலிருந்து மறுபடி படகுக்கு.

பாங்கா என்பது கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடும் சிறு மோட்டார் படகு; பெரும்பாலும் காற்றடைத்த ரப்பர் விளிம்பு கொண்டது. மக்கள் வாழாத தீவுகளில் துறைமுகம் கிடையாது. தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இறங்குதல்கள் இருக்கும். இடையில் நீந்தப் போவதையும் சேர்த்தால் ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்குவீர்கள். ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும். கேமரா, தண்ணீர் பாட்டில், ஊன்றுகோல் எல்லாவற்றையும் முதலில் மாலுமியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நீட்டும் கையைக் குலுக்குவதுபோல் பிடிக்கக்கூடாது. ஈரக் கை வழுக்கும். அவர் உங்கள் முன்கையைப் பற்ற, நீங்கள் அவருடைய முன்கையைப் பற்றவேண்டும். ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி நிற்கும். ஒரு கால் ரப்பர் விளிம்பில், அடுத்த கால் படகின் தரையில், உடனே உட்காருங்கள். விளிம்பில் நின்று படம் எடுப்பவரைத்தான் அடுத்த அலை கவிழ்க்கும்.

இறங்குதல் இரண்டு வகை. ஈர இறக்கத்தில் படகு மணற்கரையை ஒட்டி நிற்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டும். விளிம்பில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் சுழற்றி வைத்து, அலை பின்வாங்கும்வரை பொறுத்து, மாலுமி சொன்னதும் இறங்குங்கள். குதிக்காதீர்கள், கலங்கிய நீரில் கல்லும் தெரியாது, திருக்கை மீனும் தெரியாது. இறங்கியதும் உடனே விலகுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே நின்றுகொண்டு செருப்பை மாட்டினால், அடுத்த அலை அத்தனை எடையையும் உங்கள் முழங்கால்மேல் கொண்டுவந்து தள்ளும்.

உலர் இறக்கம் என்பது பெயரில்தான் உலர். ஓட்டுநர் எஞ்சினை முன்னோக்கி ஓடவிட்டு, படகின் மூக்கைப் பாறையில் அழுத்தி வைத்திருப்பார். அலையோடு மூக்கு அரை மீட்டர், சில நாள் அதற்கு மேலும் ஏறி இறங்கும். ஏறி முடித்து ஒரு நொடி நிற்குமே, அப்போதுதான் காலை வைக்கவேண்டும். இறங்கத் தொடங்கிய பிறகு வைத்தால் கால் படகுக்கும் பாறைக்கும் நடுவே போகும். பச்சையாகவோ பளபளப்பாகவோ தெரியும் பகுதி பாசி. வெளிறிய, சொரசொரப்பான இடத்தில் மிதியுங்கள். ஜெனொவேசா தீவில் இளவரசர் பிலிப் படிகள் எனப்படும் இடம் இதற்குக் கடுமையான சோதனை: படகிலிருந்து நேராகப் படி, அங்கிருந்து சுமார் 25 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள் அன்று படகிலேயே இருந்து பறவை பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காலணி இரண்டு ஜோடி வேண்டும். ஈர இறக்கத்துக்குப் பின்வார் வைத்த செருப்பு, எரிமலைக் குழம்பு உறைந்த தரைக்கு மூடிய காலணி. சான்டியாகோ தீவின் சலிவன் விரிகுடாவில் உறைந்திருப்பது கயிறு முறுக்கினாற்போன்ற வழவழப்பான வகை. சில இடங்களில் மேலோடு மெல்லியது, உடையும். பெர்னான்டினாவில் கரடுமுரடான வகையும் உண்டு. கையை ஊன்றினால் கண்ணாடித் துண்டுபோல் கிழிக்கும். தடுமாறினால் கையூன்றுவதைவிட உட்கார்ந்துவிடுவது மேல்.

கடல் பூமத்திய ரேகையில் இருப்பதால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் முதல் நாளே நடுங்குகிறார்கள். ஜூனிலிருந்து நவம்பர்வரை ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்நீரைக் கொண்டுவருகிறது. மேற்கே பெர்னான்டினா, இசபெலா பக்கம் ஆழத்தில் வரும் குரோம்வெல் நீரோட்டம் தீவுகளில் மோதி மேலெழுவதால் அங்கே இன்னும் குளிர். ஆகஸ்ட், செப்டம்பரில் 18 டிகிரிக்குக் கீழும் போகும். பூமத்திய ரேகையில் பென்குயின் வாழ்வதற்கு இந்தக் குளிர்நீர்தான் காரணம். ஜனவரி முதல் மே வரை 24, 25 டிகிரி. அப்போது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, குளிர்தாங்கும் நீச்சலுடை போதும், குளிர் மாதங்களில் 5 மில்லிமீட்டர் கேளுங்கள். நீருக்குள் பார்க்க அணியும் கண்ணாடி முகக்கவசத்தை முதல் நாளே கப்பலில் சோதித்துவிடுங்கள்: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுத்தால் விழாமல் ஒட்டி நிற்கவேண்டும். மீசை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கசியும். அதற்காகப் பட்டையை இறுக்கினால் தலைவலிதான் மிச்சம்.

நீரில் அடிபடுவது பெரும்பாலும் பாறையோரத்தில். அலை உங்களை முன்னும் பின்னும் இழுக்கும். கடல் இகுவானா என்ற பெரிய பல்லி பாசி மேய்வதைப் பார்க்கும் ஆர்வத்தில் ஒரு கை தூரத்துக்கு நெருங்கினால் அடுத்த தள்ளலில் பாறையில் ஒட்டியிருக்கும் கூர்மையான கொட்டலசு ஓடு தோலைச் சீவிவிடும். இரண்டு மீட்டராவது விலகியிருங்கள். இருவர் இருவராக நீந்துங்கள். சிக்கல் என்றால் ஒரு கையை நேராக உயர்த்துங்கள், பின்தொடரும் பாங்கா வரும். நலமாக இருந்தால் உள்ளங்கையைத் தலையில் வையுங்கள். நடுக்கம் தொடங்கியதுமே ஏறிவிடுங்கள். உதடு நீலமாகும்வரை காத்திருப்பவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருக்கும். எஞ்சின் நின்றுவிட்டது என்று ஓட்டுநர் சொன்ன பிறகே ஏணிக்கு அருகில் போங்கள். இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் நெஞ்சுவலி வந்தவர்கள் இந்த நீச்சலைப் பற்றி மருத்துவரிடம் தனியாகவே கேட்டுவிட்டு வாருங்கள். குளிர்நீரும் குழாய்வழி மூச்சும் பதற்றமும் சேரும்போது இதயத்துக்கு வரும் சுமை, கரையில் நடக்கும்போது தெரியாது.

கடல் சிங்கக் குட்டிகள் உங்களைச் சுற்றி விளையாடும். அதைத் தொடாமல் ரசிக்கலாம். பெரிய ஆணின் நெற்றி மேடிட்டிருக்கும், குரைத்துக்கொண்டே கரையோரம் குறுக்கும் நெடுக்குமாக நீந்தும். அது தன் எல்லையைக் காக்கிறது. அதற்கும் பெண் கடல் சிங்கங்களுக்கும் நடுவே போகாதீர்கள், கடலுக்குப் போகும் அதன் வழியையும் அடைக்காதீர்கள். கடி ஆழமாக இறங்கும், எளிதில் சீழ்பிடிக்கும்.

சிறு கப்பல்கள் தீவிலிருந்து தீவுக்கு இரவில்தான் ஓடும். ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் திரும்பக்கூடாது என்ற விதியால் பாதைகள் நீளமானவை; ஜெனொவேசா போன்ற தூரத் தீவுக்கு இரவெல்லாம் திறந்த கடல். செப்டம்பரையொட்டிய மாதங்களில் ஆட்டம் அதிகம். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில் நடுப்பகுதியைக் கேளுங்கள். மேல்தள முன்அறையின் காட்சி அழகு, ஆனால் அங்கேதான் ஆட்டமும் உச்சம். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் பக்கவாட்டில் குறைவாகவே சாயும், ஆனால் எதிரலையில் படக்கென்று அடிக்கும். குமட்டல் மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு வேலை செய்யாது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசைன் போன்றவற்றைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டையை நான்கு மணி நேரம் முன்னதாக ஒட்டவேண்டும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. எதுவானாலும் பயணத்துக்கு முன் ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஓடும் கப்பலில் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கட்டும். கதவின் விளிம்பைப் பிடிக்காதீர்கள். கனமான கதவு ஆட்டத்தில் அறைந்து விரலை நசுக்கும், கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். குளியலறை வாசலில் உயர்ந்த தடுப்பு இருக்கும், நள்ளிரவில் தடுக்கும். அறையிலிருந்து வெளியேறும் இரண்டு வழிகளையும் முதல் மாலையே கண்ணை மூடிக்கொண்டு தடவி நடந்து பாருங்கள். கேமரா பேட்டரியைத் தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள்.

16 பேர் கப்பலில் பெரும்பாலும் மருத்துவர் இருக்கமாட்டார். மருத்துவமனை சான்டா குரூஸ், சான் கிறிஸ்டோபல் தீவுகளில் உண்டு. பெர்னான்டினாவில் இருக்கும்போது பலமணிநேரத் தூரம். தினசரி மருந்தைத் தேவைக்கு இரண்டு மடங்காகக் கொண்டுவந்து, பாதியைக் கைப்பையில் வையுங்கள். காப்பீட்டில் தீவிலிருந்து விமானத்தில் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தீவுகளின் பக்கம். இங்கே ஆபத்து நம் காலணியில் வருகிறது. ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளியிருந்ததால்தான் இந்த உயிர்கள் தனித்து வளர்ந்தன. தவறிவந்த ஓர் ஈ இனம் இன்று சிறு பறவைகளின் கூட்டில் முட்டையிடுகிறது, அதன் புழு குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கிறது. ஆகவே ஈக்வடாரின் கிட்டோ, குவாயகில் விமான நிலையங்களில் உயிரியல் பாதுகாப்பு முகமை பைகளைச் சோதித்துப் பூட்டுமுத்திரை போடும். பழம், விதை, செடி எதுவும் கூடாது. கிளம்பும் முன் காலணியின் அடிப்பள்ளங்களையும், கால்சட்டை மடிப்பையும், வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளையும் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். விதை ஒளிவது அங்கேதான். ஒவ்வொரு தீவிலிருந்து திரும்பும்போதும் கப்பலின் பின்தளத்தில் மணலைக் கழுவச் சொல்வார்கள். களைப்பில் அதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பெர்னான்டினாவில் வெளியிலிருந்து வந்த பாலூட்டி ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய இறக்கம் இசபெலாவாக இருந்தால் இரண்டு முறை கழுவுங்கள். இரவில் அறைத் திரையை மூடுங்கள்: வெளிச்சத்துக்கு வரும் பூச்சி கப்பலோடு அடுத்த தீவுக்குப் பயணிக்கும்.

விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தூரம், பிளாஷ் இல்லை, டிரோன் இல்லை, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரையில் அடி இல்லை. நீலக்கால் பூபி என்ற கடற்பறவை பாதையிலேயே முட்டையிட்டிருந்தால் நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர், 12 வயதுக்குக் கீழ் 100. பயண அனுமதி அட்டை 20 டாலர். ரொக்கமாக வைத்திருங்கள்.

கடைசி நாள் பையை மூடும் முன் சட்டைப் பைகளையும் காலணியையும் தட்டிப் பாருங்கள். சிப்பி, பவளம், எரிமலைக் கல், மணல் எதையும் வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. குழந்தைகளின் பையில்தான் பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.